மேரி லிங்கன்: மேடைக்குப் போகுமுன் வரவு செலவைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் ஆபிரகாம் லிங்கனின் மனைவி மேரியைப் பற்றி 15 நிமிடம் பேச ஒப்புக்கொண்டுவிட்டேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான். ஒரு கட்டுரையில் அவர் ஊதாரி, வாய்த்துடுக்கானவர், கடைசியில் புத்தி பேதலித்துப் போனவர். இன்னொன்றில், பெற்ற மகனே சொத்துக்காக அடைத்துவைத்த அப்பாவி. எதை நம்பிப் பேசுவது? எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி

பதில்: 15 நிமிடம் என்றால், நிதானமாகப் பேசினால் ஏறக்குறைய 1,400 சொற்கள். அதற்குள் 63 வருட வாழ்க்கையை அடக்க முடியாது. மேரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கென்டக்கியில் கழிந்த சின்ன வயதுக்கு ஐந்து நிமிடம், 1865-ல் நாடகக் கொட்டகையில் லிங்கன் சுடப்பட்ட இரவுக்கு ஐந்து நிமிடம் கொடுத்துவிட்டு, பிறகு வந்த 17 ஆண்டுகளை மூச்சுவாங்க ஓட்டிவிடுவார்கள். நீங்கள் குழம்பி நிற்பது அந்த 17 ஆண்டுகளில்தான். அதனால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். பிறப்பு, படிப்பு, கல்யாணம் எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் போதும். தியேட்டர் இரவுக்கு ஒரு நிமிடம். அது சபையில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

தொடங்க வேண்டிய இடம் 1875 மே 19, சிகாகோ நீதிமன்றம். அன்று பிற்பகல் ஹோட்டல் அறையில் இருந்த மேரியை நேரே கோர்ட்டுக்கு அழைத்துப் போனார்கள். அன்றைக்கு வழக்கு இருப்பதே அதுவரை அவருக்குத் தெரியாது. மனு கொடுத்தவர் உயிரோடு மிஞ்சியிருந்த ஒரே மகன் ராபர்ட். அவர் தரப்பில் 17 சாட்சிகள். மேரிக்காக நின்ற வக்கீல் ஐசக் ஆர்னால்டு ஒரு சாட்சியைக்கூடக் கூப்பிடவில்லை, மேரியையும் பேசவைக்கவில்லை. மூன்று மணி நேரம் விசாரணை. 12 ஆண்கள் கொண்ட ஜூரி எழுந்து போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பிவந்து 'சித்தசுவாதீனம் இல்லாதவர்' என்றது. அந்தத் தீர்ப்பு வாசகத்தின் கடைசி வரியைச் சபையில் மெதுவாகச் சொல்லுங்கள்: நோய்க்குக் காரணம் தெரியவில்லை, பரம்பரை நோய் இல்லை, பிறரைக் கொல்லும் போக்கும் தற்கொலைப் போக்கும் இல்லை, இவர் பரம ஏழையும் இல்லை. வாழ்நாளெல்லாம் தரித்திரத்துக்குப் பயந்த ஒருத்திக்கு 'நீ ஏழை இல்லை' என்று எழுத்துமூலம் உறுதி சொன்ன ஒரே காகிதம் இதுதான்.

ஏழை இல்லை என்பதும் நிஜம். தீர்ப்பு முடிந்ததும் கையில் இருப்பதைக் கொடுக்கச் சொன்னார்கள். முதலில் மறுத்தவர், ஹோட்டலுக்குத் திரும்பியபின் எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, உள்பாவாடையில் தைத்திருந்த பையைக் கிழித்தெடுத்துத் தன் வக்கீலிடம் கொடுத்தார். உள்ளே 56,000 டாலர் கடன் பத்திரங்கள். இதை வைத்துத்தான் உங்கள் பேச்சையே கட்ட வேண்டும். இவ்வளவு பணத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தவருக்கு 'நாளைக்குச் சோற்றுக்கு வழியில்லாமல் போய்விடும்' என்ற பயம் எப்படி வந்தது? ஊதாரியா, அப்பாவியா என்று தேடுவதைவிட இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள்.

டாலரை இன்றைய ரூபாய்க்கு மாற்றிச் சொல்லாதீர்கள். எந்தப் பெருக்கலும் சரியாக வராது, சபையும் அந்தப் பெரிய எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளும். மூன்று அளவுகோல்கள் போதும். 1842 நவம்பர் 4-ல் கல்யாணமான ஜோடி முதலில் குடியிருந்த ஸ்பிரிங்ஃபீல்டு விடுதியில் சாப்பாட்டோடு வாரம் 4 டாலர். 1844-ல் வாங்கிய வீட்டுக்கு 1,200 டாலர் ரொக்கமும் 300 டாலர் பெறுமான ஒரு மனையும். ஜனாதிபதியானபின் லிங்கனின் சம்பளம் வருடத்துக்கு 25,000. இனி எந்தத் தொகை வந்தாலும் இவற்றோடு வைத்துப் பாருங்கள். வெள்ளை மாளிகைக்கு மேரி வாங்கிய ஊதா விளிம்புப் பீங்கான் செட் 190 உருப்படி, 3,195 டாலர். அதாவது சொந்த வீட்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்துங்கள், சபையே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

இங்கே பலர் சறுக்குகிறார்கள். மேரியின் செலவு இரண்டு தனித்தனிக் கணக்கு. ஒன்று அரசாங்கப் பணம்: மாளிகையைப் புதுப்பிக்க நாலு வருடத்துக்கென்று காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஒதுக்கிய 20,000 டாலர். ஒரு வருடம் முடிவதற்குள் அதைத் தீர்த்து, மேலே 6,700 டாலர் வரை இழுத்துவிட்டார். சிப்பாய்களுக்குப் போர்வை இல்லாத நேரத்தில் இந்தப் பாழாய்ப்போன பழைய வீட்டுக்கு அலங்காரமா என்று லிங்கன் சீறினார். பிறகு காங்கிரஸே கூடுதல் ஒதுக்கீட்டால் அதைச் சரிக்கட்டியது. கந்தலான கம்பளமும் உடைந்த நாற்காலியுமாகத்தான் அந்த வீடு அவர் கைக்கு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டாவது கணக்கு, கடைகளில் சொந்தப் பேரில் ஏறிய துணிமணிக் கடன். 1864 தேர்தல் சமயத்தில் அது 27,000 டாலர் என்று அவருடைய தையற்காரர் எலிசபெத் கெக்லி எழுதியிருக்கிறார். ஒரு வருடச் சம்பளத்துக்கும் மேல். கணவருக்குத் தெரியாது. அவர் தோற்றால் கடைக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள் என்பதுதான் அந்தத் தேர்தலில் மேரியின் கவலை. ஊர் பேசியது முதல் கணக்கைப் பற்றி. அவருக்குத் தூக்கம் போனது இரண்டாவதால்.

கெக்லிக்கு அரை நிமிடமாவது ஒதுக்குங்கள். அடிமையாகப் பிறந்து, 1855-ல் தனக்கும் மகனுக்குமாக 1,200 டாலர் கொடுத்து விடுதலை வாங்கிக்கொண்டவர். தப்பிவந்த அடிமைகளுக்காக அவர் 1862-ல் தொடங்கிய நிவாரணச் சங்கத்துக்கு மேரி 200 டாலர் கொடுத்தார். அடிமைகள் வைத்திருந்த பேங்க் முதலாளி வீட்டில், கென்டக்கி லெக்சிங்டனில் 1818-ல் பிறந்த பெண் மேரி. மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பிகளில் இருவரும் தங்கை புருஷனும் உள்நாட்டுப் போரில் தெற்குப் படையில் நின்று செத்தார்கள். வடக்கே அவரை உளவாளி என்றார்கள், தெற்கே துரோகி என்றார்கள். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பிள்ளைகளின் பெயரும் வருடமும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் மாறிப்போவது இதுதான். எட்வர்டு 1850-ல், நாலு வயதுகூட நிரம்பாமல். வில்லி 1862 பிப்ரவரி 20, வெள்ளை மாளிகையிலேயே, டைஃபாய்டில், 11 வயதில். டாட் என்று கூப்பிட்ட தாமஸ், அப்பா போய் ஆறு வருடம் கழித்து 1871 ஜூலையில் சிகாகோவில், 18 வயதில். வெள்ளை மாளிகையில் இறந்தது டாட் என்று எழுதுகிறவர்கள் உண்டு, ஏமாந்துவிடாதீர்கள்.

இனி உங்கள் பேச்சின் நடுப்பகுதி. லிங்கன் 25 வருடம் வக்கீல் தொழில் செய்தவர், ஆனால் உயில் எழுதவில்லை! சொத்து நண்பரும் நீதிபதியுமான டேவிட் டேவிஸ் கைக்குப் போய், மூன்று பங்காகப் பிரிந்து கைக்கு வர 1867 நவம்பர் ஆயிற்று. ஆளுக்கு ஏறக்குறைய 37,000 டாலர். அதற்கு முன் காங்கிரஸ் கொடுத்தது அந்த ஒரு வருடச் சம்பளத்தின் பாக்கி, சுமார் 22,000. கடைக்காரர்களோ காத்திருக்கவில்லை. பங்கு கைக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, மிஸஸ் கிளார்க் என்ற பொய்ப் பெயரில் நியூயார்க் போய், பிராட்வே 609-ல் இருந்த தரகர்களிடம் தன் பழைய கவுன்களையும் சால்வைகளையும் விற்கக் கொடுத்தார். மோதிரத்துக்குள் இருந்த பெயரைப் பார்த்து அவர்கள் ஆளைக் கண்டுகொண்டார்கள். பிறகு அவர்கள் யோசனைப்படியே எழுதிய கடிதங்கள் பத்திரிகையில் வெளிவந்தன. கூட்டம் வந்து துணியைத் தொட்டுப் பார்த்தது, அக்குளில் வியர்வைக் கறை இருக்கிறது என்று எழுதியது, வாங்கவில்லை. கடைசியில் துணி திரும்பி வந்தது, கூடவே 800 டாலருக்கு மேல் ஒரு பில்லும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பென்ஷனுக்காக காங்கிரஸை நச்சரித்து, 1870 ஜூலையில் அதன் மேலவையான செனட் 28-க்கு 20 என்று வாக்களித்தபின் வருடத்துக்கு 3,000 டாலர் கிடைத்தது. எதிர்த்த அந்த இருபது பேரில் சிலர் அவருடைய நடத்தையையே சபையில் அலசினார்கள்.

இந்தப் பின்னணியோடு 1875 சாட்சியங்களைப் படித்தால் சில சாட்சியங்கள் வேறு மாதிரித் தெரியும். குடியிருக்க வீடில்லாதவர் 600 டாலருக்கு லேஸ் திரைச்சீலை வாங்கினார். பிரிக்காத பொட்டலங்கள் அறையில் குவிந்து கிடந்தன. இது கோளாறுதான், மழுப்ப வேண்டாம். சிகாகோ எரியப்போகிறது என்று பெட்டிகளை வெளியூருக்கு அனுப்பினார். ஆனால் நாலு வருடம் முன்பு, 1871-ல், சிகாகோ நிஜமாகவே எரிந்தபோது அவர் அந்த ஊரில் இருந்தவர். ஃப்ளோரிடாவிலிருந்து, மகன் சாகக் கிடக்கிறான் என்று நம்பித் தந்திமேல் தந்தி அடித்தார். ராபர்ட்டோ சுகமாக இருந்தார். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர், தூக்கத்துக்குக் குளோரல் ஹைட்ரேட் குடித்துவந்தவர் என்ற இரண்டும் அதற்குப் பக்கத்திலேயே வர வேண்டும். சாட்சி சொன்ன டாக்டர்களில் பலர் அவரை நேரில் பரிசோதிக்கவே இல்லை.

தீர்ப்புக்கு மறுநாள் கடையில் விஷமாக லாடனம் என்ற அபின் மருந்தைக் கேட்டார், மருந்துக்கடைக்காரர் ஏமாற்றிச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார் என்ற கதை சுவையானது. பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. பிற்கால ஆய்வாளர்களில் சிலர் நம்புவதில்லை. எங்கள் யோசனை, விட்டுவிடுங்கள்.

ஜூரி விசாரணை ஏன் என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கட்டும். இல்லினாய்ஸின் 1851 சட்டப்படி, புருஷன் கேட்டால் விசாரணையே இல்லாமல் மனைவியை மனநல விடுதியில் சேர்த்துக்கொள்ளலாம். அப்படி மூன்று வருடம் அடைபட்டுக் கிடந்த எலிசபெத் பாக்கார்டு என்பவர் வெளியே வந்து போராடியதால், 1867-ல் ஜூரி கட்டாயமானது. பெண்களைக் காக்க வந்த சட்டம் மேரியைப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தது. சட்டம் இடம் கொடுத்திருந்தால் ராபர்ட் இதைச் சத்தமில்லாமல் முடித்திருப்பார்.

ராபர்ட்டை வில்லனாக்குவது சுலபம், அதில் விழுந்துவிடாதீர்கள். அனுப்பியது பட்டேவியா ஊரில் டாக்டர் பேட்டர்சன் நடத்திய தனியார் விடுதிக்கு. பெண்கள் மட்டும், இருபது பேர் அளவில். மேரிக்குத் தனி அறைகள், ஒரு பணிப்பெண், போய்வரக் குதிரை வண்டி. மே 20 முதல் செப்டம்பர் 11 வரை, நாலு மாதம்கூட இல்லை. பணத்தை ராபர்ட் தின்றுவிடவும் இல்லை. கணக்கு எழுதி வைத்துத் திருப்பிக் கொடுத்தார். அதற்காக அவரை நியாயவானாக்கவும் வேண்டாம். அம்மாவின் அறைக்கு வெளியே துப்பறிகிறவர்களை நிறுத்தி வைத்துப் பின்தொடரவிட்டது அவர்தான். மேரி வெளியே வந்தது மைரா பிராட்வெல் என்ற பெண்ணால். சட்டம் படித்தும், பெண் என்பதால் வக்கீலாக அனுமதி மறுக்கப்பட்டு, 1873-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றவர். அவரும் கணவரும் கடிதம் எழுதி, பத்திரிகைக்காரர் ஒருவரை உள்ளே கூட்டிப்போய், விடுதிக்காரர் தாங்க முடியாத அளவுக்குச் சத்தத்தைக் கிளப்பினார்கள். மேரி ஸ்பிரிங்ஃபீல்டில் அக்கா வீட்டுக்குப் போனார். 1876 ஜூன் 15-ல் இன்னொரு ஜூரி அவர் தெளிவாக இருக்கிறார் என்றது. நாலே நாளில் மகனுக்குக் கடிதம் போனது: என்னிடமிருந்து எடுத்துப்போனதையெல்லாம் திருப்பி அனுப்பு.

எதை நம்புவது என்று கேட்டீர்கள். லிங்கனின் தொழில் கூட்டாளி ஹெர்ண்டன் எழுதியது என்றால் அப்படியே நம்பிவிடாதீர்கள். மேரிக்கும் அவருக்கும் ஆகாது. லிங்கன் உயிராய்க் காதலித்தது வேறொரு பெண்ணை என்று 1866-ல் மேடைபோட்டுப் பேசியவர் அவர்தான். கெக்லி எழுதியது கிட்டத்திலிருந்து பார்த்தது, ஆனால் 1868-ல், பழைய துணி விவகாரச் சர்ச்சை நடுவே வெளிவந்தது. மேரியின் கடிதங்கள் 600 வரை கிடைக்கின்றன. அதில் பணம் கேட்கும் கடிதங்களைத் தேதி வரிசையில் பத்துப் படித்தாலே உங்கள் பேச்சு பாதி தயார். இன்னொன்று, 'மேரி டாட் லிங்கன்' என்று கல்யாணத்துக்குப் பின் அவர் கையெழுத்துப் போட்டதில்லை, வெறும் மேரி லிங்கன்தான்.

கடைசி வருடங்களுக்கு ஒரு நிமிடம். பிரான்சில் போ என்ற ஊரில் தனியாக வாழ்ந்தார். 1879-ல் படம் மாட்ட ஏணியில் ஏறி விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு, 1880-ல் அக்கா வீட்டுக்கே திரும்பினார். 1882 ஜனவரியில் பென்ஷன் 5,000 ஆனது, பழைய பாக்கியாக 15,000-மும் சேர்ந்தது. ஆறு மாதத்தில், ஜூலை 16-ல் போய்ச்சேர்ந்தார். டாட் இறந்த தேதிக்கு மறுநாள். விரலில் தேய்ந்து மெலிந்த கல்யாண மோதிரம். உட்புறம் 'அன்பு நித்தியமானது' என்று பொறித்திருந்தது.

பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து, 'இன்றைக்கு என்றால் டாக்டர் என்ன பெயர் வைப்பார்?' என்று கட்டாயம் கேட்பார். இருமுனைக் கோளாறு என்பார்கள், துக்கத்தால் வந்த மன அதிர்ச்சி என்பார்கள், 1863-ல் குதிரை வண்டியிலிருந்து விழுந்து தலையில் பட்ட அடி என்பார்கள், அண்மையில் வைட்டமின் பி12 குறைவால் வரும் ரத்தசோகை என்றும் ஒரு டாக்டர் வாதாடியிருக்கிறார். நாலையும் சொல்லுங்கள். எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள், அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.