ஈரத்திலேயே தாகம்: உப்பு, வறட்சி, செடிகள் பற்றிச் சிங்கப்பூர் வாசகர்கள் கேள்வி, தாவர ஆய்வாளர் பதில்

ஈசூன்: அக்கா, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் கறிவேப்பிலை வைத்திருக்கிறேன். தினமும் தண்ணீர் ஊற்றியும் இலை நுனி கருகுகிறது. தொட்டி விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிகிறது.

அந்த வெள்ளைதான் குற்றவாளி. உரத்தில் வந்த உப்பு அது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். மண் சொதசொதவென்று இருந்தாலும் உப்பு அந்த நீரை வேருக்கு விடாது. வேர் இழுத்துத் தோற்றுப்போகும். செடிக்கு உப்பும் வறட்சியும் முதலில் ஒரே தாகம்தான். தொட்டியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய், அடித்துளை வழியே நன்றாக ஓடும்வரை இரண்டு மூன்று முறை ஊற்றுங்கள். உரத்தை நிறுத்துங்கள். அடித்தட்டில் தேங்குவதைக் கொட்டுங்கள்: செடி அதே உப்பை மறுபடி குடிக்கும், கொசுவும் வரும்.

பொங்கோல்: சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் மரங்கள் கடல்நீரிலேயே நிற்கின்றனவே?

அங்கே இருப்பவை சதுப்புநில மரங்கள். அவற்றில் சுரபுன்னை பெரும்பாலான உப்பை வேரிலேயே தடுத்துவிடும். வெண்கண்டலும் வேரில் தடுக்கும். மீறி வருவதை இலைச் சுரப்பிகள் வெளியே தள்ளும். மழையில்லாத நாளில் வெண்கண்டல் இலையைப் பறிக்காமல் விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள்.

உட்லண்ட்ஸ்: எப்சம் உப்பு போடலாமா?

அதுவும் உப்புதான். முதல் பதிலைப் படியுங்கள்.

தெம்பனிஸ்: சும்மா பயமுறுத்தாதீர்கள். தஞ்சாவூரில் எங்கள் தாத்தா குழியில் கல்லுப்பு போட்டுத்தான் தென்னங்கன்று நட்டார்.

தாத்தா செய்தது சரி! இலைத்துளையைத் திறந்து மூடும் காப்புச் செல்களுக்குள் பொட்டாசியம் போய்வரும்போது தென்னைக்குத் துணையாகக் குளோரைடு வேண்டும். அது குறைந்தால் கோடையில் துளையைச் சரியாக மூட முடியாது, நீர் போய்விடும். பிலிப்பீன்ஸில் தென்னைக்கு உப்பை உரமாகவே போடுகிறார்கள். ஆனால் உப்பில் இருக்கும் இரண்டில் மரம் கேட்பது குளோரைடை, சோடியத்தை அல்ல. கடையில் வாங்கும் பொட்டாஷ் உரத்திலேயே அது இருக்கிறது.

உட்லண்ட்ஸ்: அப்போ கறிவேப்பிலைக்கும் ஒரு சிட்டிகை?

கறிவேப்பிலை தென்னை இல்லை. வேண்டாம்.

தெம்பனிஸ்: தாத்தாவுக்குக் குளோரைடு தெரியாதே.

மரத்தைத் தெரிந்திருந்தது. நாங்கள் காரணம் தேடித்தான் சம்பளம் வாங்குகிறோம்.

ஜூரோங்: உப்பு நிலத்தில் நெல் விளையுமா?

கேரளத்துப் பொக்காளி விளைகிறதே. அதன் முதல் குரோமோசோமில் உள்ள 'சால்ட்டால்' என்ற மரபணுப் பகுதி சோடியம், பொட்டாசியம் கணக்கைப் பார்த்துக்கொள்ளும். அதைக் கலப்பு மூலம் மற்ற ரகங்களுக்கும் மாற்றுகிறார்கள்.

பிடோக்: ரோஜா வாடுகிறது, இன்னும் தண்ணீர் ஊற்றட்டுமா?

தட்டைக் கொட்டினீர்களா?