அப்பாரு விட்டுப்போன பம்ப் ஆக்‌ஷன்: பேரலில் கைவைக்காதீங்க, கட்டையைக் கவனிங்க

கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாருக்கு (தாத்தாவுக்கு) அந்தக் காலத்தில் வால்பாறை எஸ்டேட் மேனேஜர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன அமெரிக்க 12 போர், முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி அது. அப்பாருக்குப் பிறகு அப்பா பெயரில் இருந்தது. அப்பாவுக்கு 70 வயது தாண்டியதும் உரிமத்தை இவர் பெயருக்கு மாற்றியிருக்கிறார்கள். இத்தனை நாளும் தோட்டத்துச் சாளை வீட்டில் தோல் உறைக்குள் கிடந்ததாம். பேரல் மேல் துரு, தோளில் ஊன்றும் மரக் கட்டையின் கழுத்தில் விரிசல், முன்பிடி கடகடவென்று ஆடுகிறது, பின்னால் இழுத்தால் வரமாட்டேன் என்கிறது. கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. துப்பாக்கியைச் சரிசெய்து, பேரலைக் கொஞ்சம் குட்டையாக்கி, கறுப்பு பிளாஸ்டிக் கட்டை போட்டு, டார்ச் மாட்டி, அப்பாரு பெயரையும் பொறிக்க வேண்டும் என்கிறார்.

முதலில் அந்த 'வரமாட்டேன்' சமாச்சாரம். பட்டறைக்கு வருகிற பம்ப் துப்பாக்கிகளில் பல பேர் 'ஜாம் ஆயிடுச்சுங்க' என்று கொண்டுவருவது ஜாமே இல்லை. பம்ப் ஆக்‌ஷனில் தோட்டாவை வெடிக்கவைக்கத் தட்டும் ஹாமர் ஏறி நிற்கும்போது முன்பிடி பூட்டிக்கொள்ளும், அதன் அமைப்பே அப்படி. ட்ரிக்கரைச் சுற்றியிருக்கும் வளையத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு விடுவிப்புப் பொத்தான் இருக்கும். அதை அழுத்திக்கொண்டு இழுத்தால் திறக்கும். வின்செஸ்டர் 97, மாடல் 12 மாதிரி பழைய வகைகளில் இன்னொரு சூட்சுமமும் உண்டு: முன்பிடியை முதலில் இம்மியளவு முன்னால் தள்ளிவிட்டுத்தான் பின்னால் இழுக்க வேண்டும். தோட்டா வெடிக்கிற உதைப்பில் அந்த முன்நகர்வு தானாக நடந்துவிடும், சும்மா இருக்கும்போது நாம்தான் செய்ய வேண்டும்.

ஆனால் இதைச் செய்துபார்க்கும் முன் ஒன்றை நினைவில் வையுங்கள். திறந்து பார்க்காத துப்பாக்கியில் தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அப்பாரு காலத்துக் காகிதத் தோட்டா ஈரத்தில் ஊதி, தோட்டா உட்காரும் சேம்பரிலோ, அடுத்த தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் மேகசின் குழாய்க்குள்ளோ சிக்கிக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். குழலின் வாய் மண்மூட்டையைப் பார்த்தபடி, விரல் ட்ரிக்கருக்கு வெளியே, அப்புறம் பொத்தான். அப்படியும் திறக்கவில்லையென்றால் சுத்தியலால் தட்டாதீர்கள், காலால் மிதிக்காதீர்கள். உரிமம் பெற்ற பட்டறைக்குக் கொண்டுபோய், 'இன்னும் திறக்கலைங்க, உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது' என்று முதலிலேயே சொல்லிக் கொடுங்கள்.

துப்பாக்கி எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. பின்பக்கம் ஹாமர் வெளியே தெரிந்தால் பெரும்பாலும் வின்செஸ்டர் 97 ஆக இருக்கும். ஜான் பிரவுனிங் வடிவமைத்தது, 1957 வரை பத்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். ஹாமர் உள்ளே மறைந்திருந்தால் 1912-இல் வந்த மாடல் 12 ஆகவோ, 1950-இல் வந்த ரெமிங்டன் 870 ஆகவோ, வேறொன்றாகவோ இருக்கலாம். இது ஏன் முக்கியம் என்றால், 97-லும் மாடல் 12-லும் ட்ரிக்கரை விடாமல் பிடித்தபடி முன்பிடியை முன்னால் தள்ளினால், அது மூடிக்கொண்ட அந்த நொடியே அடுத்த தோட்டா வெடித்துவிடும். 870-இல் அது நடக்காது. இரட்டைக் குழல் பழகிய கைக்கு இது தெரியாது. நம் ஊரில் பழகிய கை எல்லாம் இரட்டைக் குழல்தான்.

வகை தெரிந்தபின் முதல் செலவு பட்டறைச் சோதனைக்கு. பளபளப்புக்கு ஒரு பைசா போடும் முன் இதைச் செய்யுங்கள். பேரலைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். வழவழவென்று ஒரே சீராக வெளிச்சம் ஓடினால் நல்லது. நடுவில் மோதிரம் மாதிரி ஒரு கறுப்பு நிழல் வட்டம் தெரிந்தால் அந்த இடத்தில் பேரல் வீங்கியிருக்கிறது. எப்போதோ உள்ளே எதுவோ அடைத்திருக்கும்போது சுட்டிருக்கிறார்கள். அந்த பேரலால் இனிச் சுடவே கூடாது. துருக்குழிகள் மேலாக இருந்தால் தாங்கும், சேம்பருக்குப் பக்கத்தில் ஆழமாக இருந்தால் தாங்காது. எது மேலாக, எது ஆழம் என்பதைப் பட்டறைக்காரர் சொல்லட்டும்.

சேம்பர் நீளத்தையும் அளந்து கேளுங்கள். இன்றைய 12 போர் தோட்டாக்களில் 65 மில்லிமீட்டரும் உண்டு, 70-உம் உண்டு. பழைய 97-கள் சிலவற்றில் சேம்பர் 70-ஐவிடக் குட்டை. இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் 70 மில்லிமீட்டர் தோட்டா குட்டை சேம்பருக்குள்ளும் சிரமமில்லாமல் போய் உட்கார்ந்துவிடும். 'போகுதே, அப்போ சரி' என்று தோன்றும். சுடும்போதுதான் அந்த மடிப்பு விரியும், விரிய இடமில்லாமல் குழலின் குறுகலில் போய் முட்டும், அழுத்தம் எகிறும். தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் நீளம் வெடித்தபின் இருக்கும் நீளம் என்பது ரொம்பப் பேருக்குத் தெரியாது.

சரி, துருவுக்கு வருவோம். பாதிக் குற்றம் அந்தத் தோல் உறைமேல். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும். வெளியே எடுத்துப்போகும்போது மட்டும்தான் உறை. மீதிப் பாதி எண்ணெய்மேல். நம் பக்கம் துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் போடுகிற பழக்கம் உண்டு. மார்கழிக் காலையில் சமையலறைப் பாட்டிலில் அது எப்படி உறைந்து நிற்குமோ, தோட்டா ஏற்றி இறக்கும் பாகமான ஆக்‌ஷனுக்குள்ளும் அப்படித்தான் நிற்கும். விளக்கெண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகும். உங்கள் பம்ப் இழுக்க வராததில் இதற்கும் பங்கு இருக்கலாம். கட்டையைக் கழற்றிய பிறகு உலோகப் பாகத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் அந்தப் பிசின் தேன்நிறத்தில் கரைந்து வரும். நன்றாகத் துடைத்துக் காயவைத்து, மெல்லிய மெஷின் எண்ணெயை ஒரு துணியில் தொட்டு ஒற்றிவிட்டால் போதும். வழிய வழிய வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வெளித் துருவுக்கு நான்கு சைபர் ஸ்டீல் வூலும் எண்ணெயும் போதும். சின்ன வட்டமாக, பொறுமையாக. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். என் கதையைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் மாமா வீட்டு ஒற்றைக் குழல் ஒன்றை 'புதுசாக்கித் தர்றேன்' என்று உப்புத்தாளில் இழைத்தேன். கண்ணாடி மாதிரி ஆனது. கூடவே பேரல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கமும் நிழலாகிவிட்டது. உரிமம் புதுப்பிக்கப் போன இடத்தில் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தபோது மாமா பட்ட பாடு இருக்கிறதே, அடுத்த இரண்டு தீபாவளிக்கு என்னோடு பேசவில்லை. துப்பாக்கியில் பொறித்த எண்ணையோ பெயரையோ அழிப்பதும் மாற்றுவதும் 1959 ஆயுதச் சட்டத்தில் குற்றம். 'தெரியாமல் தேய்ச்சுட்டேன்' என்பதை வாயால் சொல்லி நம்பவைப்பது லேசில்லை.

துரு போனபின் பேரல் அங்கங்கே பழுப்பாகத்தான் இருக்கும். திரும்ப நீலக்கறுப்பு ஏற்றலாம், ஆனால் உங்கள் பட்ஜெட்டில் அதைக் கடைசியில் வைப்பேன். அந்தப் பழுப்பு எண்ணெயோடு சேர்ந்து நன்றாகவே காக்கும், பார்க்கவும் வயசுக்கேற்ற அழகாக இருக்கும். இடையில் ஒன்று: இரட்டைக் குழல் வைத்திருப்பவர்கள் காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்து நீலக்கறுப்பு ஏற்றுகிற புளூயிங்குக்குக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு குழலையும் பட்டையோடு சேர்த்திருக்கும் ஈயப்பற்று அதில் அரித்துப்போகும்.

இப்போது கட்டை. உங்கள் காசும் பொழுதும் போக வேண்டிய இடம் இதுதான். கழுத்தில் விரிசல் ஏன் வந்தது? துப்பாக்கியை வாய் மேலே பார்க்க மூலையில் சாத்திவைத்தால், ஆக்‌ஷனில் ஊற்றிய எண்ணெயெல்லாம் வருஷக்கணக்கில் கழுத்து மரத்துக்குள் இறங்கும். எண்ணெய் குடித்த மரம் ஊறிய ரஸ்க் மாதிரி வலுவிழக்கும். கூடவே கட்டையைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு வேட்டுக்கும் இரும்பு மரத்தை இடிக்கும். எண்ணெய் வழிய வேண்டாம் என்றது இதனால்தான்.

தோளில் வைக்கிற பக்கத்து ரப்பரைக் கழற்றினால் நீண்ட துளை ஒன்று தெரியும், அதன் அடியில் அந்த போல்ட் தலை. நீளமான ஸ்க்ரூடிரைவர் வேண்டும், அதன் முனை திருகின் வெட்டுக்கு இறுக்கமாகப் பொருந்த வேண்டும். கடையில் கிடைக்கிற கூம்பு முனை நழுவித் திருகுத் தலையைச் சிதைத்துவிடும். முனையை அரத்தில் இணையாக ராவிக்கொண்டால் புதிது வாங்கும் செலவு மிச்சம். கட்டை தனியாக வந்ததும் விரிசல் பக்கத்தை அசிட்டோன் தொட்ட துணியால் திரும்பத் திரும்ப ஒற்றி எண்ணெயை எடுங்கள், இது இரண்டு மூன்று நாள் வேலை. காற்றோட்டமாக, அடுப்புக்கு எட்டாத இடத்தில். எண்ணெய் போகாமல் எந்தப் பசையும் பிடிக்காது. அப்புறம் மெதுவாக இறுகும் அரால்டைட்டைக் கலந்து, விரிசலை லேசாக விரித்து உள்ளே செலுத்தி, பழைய சைக்கிள் ட்யூபைப் பட்டையாகக் கிழித்து இழுத்துச் சுற்றுங்கள். வளைந்த கழுத்தில் எந்தக் கிளாம்பும் ட்யூப் மாதிரி உட்காராது. ஒருநாள் முழுக்க விட்டுப் பிரியுங்கள். விரிசல் இருபக்கமும் ஓடியிருந்தால் உள்ளே ஒரு பித்தளைக் கம்பியும் இறக்க வேண்டும். அதைப் பட்டறையில் செய்யுங்கள்.

சொட்டைகளுக்கு நம் வீட்டு வைத்தியமே போதும். சொட்டை மேல் ஈரத்துணியைப் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையால் இரண்டு நொடி தொட்டு எடுங்கள். சுர்ரென்று ஆவி போகும். நாலைந்து தடவையில் அமுங்கிய நார் எழுந்து நிற்கும். நார் அறுந்து பள்ளமானது எழாது, அது இருந்துவிட்டுப் போகட்டும். கடைசியாக லின்சீட் ஆயில், கையால் சூடு பறக்கத் தேய்த்து, ஒருநாள் காயவிட்டு, மறுபடி. ஏழெட்டுப் பூச்சு. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். சாளையில் வைக்கோலும் சோளத்தட்டும் இருக்குமே. விரித்துக் கொடியில் போடுங்கள்.

முன்பிடி ஆட்டம் பெரும்பாலும் மரம் காய்ந்து சுருங்கியதால்தான் இருக்கும். நட்டை இறுக்கிப் பார்த்து, அப்படியும் ஆடினால் உள்ளே மெல்லிய மரச் சீவல் ஒன்றைச் செருகலாம். இரும்புத் தண்டு வளைந்திருந்தால் அது பட்டறை வேலை.

பிளாஸ்டிக் கட்டை வேண்டாம் என்பதே என் யோசனை. இவ்வளவு பழைய மாடலுக்குப் பொருத்தமானது இங்கே கிடைப்பது அபூர்வம், கிடைத்தாலும் உங்கள் 15,000 அதற்கே போய்விடும். மரம் மோசமாக இருந்தால் ஆசாரியிடம் பழையதை மாதிரி வைத்துச் செய்யலாம். கழுத்தில் நார் நீளவாக்கில் ஓட வேண்டும் என்று மட்டும் கறாராகச் சொல்லுங்கள், குறுக்கே ஓடினால் முதல் பத்து வேட்டில் முறியும். 'ஈட்டி மரத்துல செஞ்சா ஜம்முனு இருக்கும்' என்பார். ஆனால் கனம் அதிகம்.

பேரலைக் குட்டையாக்குவது: முடியாது. அதற்கென்று உரிமம் இல்லாமல் குழலைக் குறைப்பது ஆயுதச் சட்டம் 6ஆம் பிரிவில் சிறைக்குப் போகிற குற்றம், எந்த ஒழுங்கான பட்டறையும் தொடாது. சட்டத்தை விடுங்கள், அதில் லாபமும் இல்லை. ரவையை, அதாவது தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகளை, சேர்த்து அனுப்புகிற சோக் என்கிற குறுகல் பேரல் வாயின் கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில்தான் இருக்கிறது. ஃபுல் சோக் (முழுக் குறுகல்) பேரல் 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் 70 சதவீத ரவையைப் போடும். அந்த நுனியை வெட்டினால் 40 சதவீதம் போட்டாலே பெரிது. சினிமாவில் அழகாகத் தெரிவதற்கு வேறு காரணம், அங்கே ரவையே கிடையாது.

டார்ச்சுக்காக இரும்பில் துளை போட வேண்டாம். மேகசின் குழாயில் கவ்வுகிற கிளிப்பே போதும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பன்றிக்குக் காவல் கிளம்பினால், துப்பாக்கி உரிமம் வேறு, வன உயிரினச் சட்டம் வேறு என்பது நினைவிருக்கட்டும்.

பட்டறைக்குப் போகும்போது உரிமப் புத்தகம் கூடவே இருக்க வேண்டும், துப்பாக்கி காலியாக, உறையில். உங்களால் போக முடியாவிட்டால் தம்பியிடம் கொடுத்தனுப்பலாம், பழுதுபார்க்க எடுத்துப்போக உங்கள் எழுத்துமூல அனுமதி அவர் கையில் இருந்தால் சட்டம் ஒத்துக்கொள்கிறது. தேர்தல் அறிவித்துவிட்டால் பெரும்பாலும் ஸ்டேஷனிலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள், வேலையை அதற்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கியதும் முதல் வேலையாகத் துடைத்து எண்ணெய் ஒற்றுங்கள், அங்கே யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

அப்பாரு பெயரை இரும்பில் பொறிக்க வேண்டாம். கட்டையின் அடிப்பக்கம், பெல்ட் வளையத்துக்கும் ரப்பருக்கும் நடுவே, கட்டைவிரல் அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு வையுங்கள். பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்தால் நாலெழுத்து வெட்டித் தந்துவிடுவார். தகட்டின் கனத்துக்கு மரத்தைச் செதுக்கிப் பதித்து, திருகு இறங்கும் இடத்தில் முதலில் மெல்லிய துளை போட்டுக்கொள்ளுங்கள். நேராக முடுக்கினால் இத்தனை பாடுபட்டுச் சேர்த்த கட்டை அங்கே பிளந்துகொள்ளும்.