இருபது வருடம் பாடம் நடத்திய ஆசிரியரை எப்படி மதிப்பிடுகிறார்கள்? அவர் மேலும் வளர யார் உதவுகிறார்கள்?

வடசென்னையில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் கணிதப் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், பல வருடம் ஆனவர்களுக்கு என்ன ஏற்பாடு இருக்கிறது என்பது உங்கள் கேள்வி. எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

பத்து வருடம் முடித்தால் தேர்வுநிலை, இருபது முடித்தால் சிறப்புநிலை என்று சம்பள நிலை உயரும். இதற்குப் பணிப்பதிவேட்டைப் பார்ப்பார்கள், சான்றிதழ்களின் உண்மைத்தன்மையைப் பார்ப்பார்கள், ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வகுப்பில் அவர் என்ன செய்கிறார் என்ற கேள்வியே அதில் வராது. கல்வி அதிகாரி வருடந்தோறும் வந்து பார்க்கும் ஆண்டாய்வு என்றால் பாடக்குறிப்பு, வேலைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, நோட்டு திருத்தியிருக்கிறதா, இவ்வளவுதான். அதிகாரி வகுப்பிலும் கொஞ்ச நேரம் உட்காருவார். ஆனால் அவருக்கு அன்றைக்கே இன்னும் பத்து வகுப்பு பார்த்தாக வேண்டும். அவரைக் குறை சொல்ல முடியாது.

பத்தாம் வகுப்பு எடுப்பவர்களுக்கு இதோடு தேர்ச்சி விழுக்காடும் சேர்ந்துகொள்ளும். மே மாதம் ரிசல்ட் வந்ததும் யார் சென்டம் (நூறு விழுக்காடு), யார் குறைவு என்று பட்டியல் போட்டு, குறைந்தவர்களை ரிவ்யூ மீட்டிங்குக்குக் கூப்பிடுவார்கள். அமெரிக்காவில் மாணவர் மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை அளக்கும் முறை பரவியபோது, அங்குள்ள புள்ளியியல் சங்கம் 2014ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மாணவர்களின் மதிப்பெண்களில் காணும் ஏற்ற இறக்கத்தில் ஆசிரியருக்கு உள்ள பங்கு ஏறக்குறைய 1 முதல் 14 விழுக்காடு என்றுதான் பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன என்றது. வகுத்தல் கணக்கே வராமல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிள்ளையை 45 மதிப்பெண்ணுக்குக் கொண்டுவந்தவரும் உண்டு, ஏற்கெனவே 90 வாங்கும் பிள்ளையை 95க்கு ஏற்றியவரும் உண்டு. பட்டியலில் மேலே இருப்பது இரண்டாமவர். இது எனக்கு நெடுநாளாக ஆறாத வருத்தம்.

எங்கள் பள்ளியில் என்னைவிட மூத்த கணித ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவர் ஏழாம் வகுப்புக்கு முழுக்கள் நடத்தும்போது, அவர் சம்மதத்தோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். மைனஸ் மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்தால் என்ன என்று கேட்டார். ஒரு பையன் எழுந்து "எட்டு மிஸ், மைனஸும் மைனஸும் பிளஸ்" என்றான். பெருக்கலுக்குச் சொன்ன விதியை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டான். டீச்சர் தப்பு என்று சொல்லவில்லை. "கடையில உனக்கு மூணு ரூபா கடன் இருக்கு. இன்னும் அஞ்சு ரூபாய்க்குக் கடனாவே மிட்டாய் வாங்குற. இப்ப உன் பையில எட்டு ரூபா இருக்குமாப்பா?" என்றார். பையன் சிரித்துவிட்டு, "இல்ல மிஸ், எட்டு ரூபா கடன்" என்றான். அப்புறம்தான் போர்டில் எண்கோடு வரைந்தார்.

எந்தப் பிள்ளை எந்த இடத்தில் வழுக்கும், அங்கே என்ன கேள்வி கேட்டால் அவனே எழுந்துகொள்வான் என்பதெல்லாம் அவர் வருடக்கணக்கில் சேர்த்து வைத்த அறிவு. அதைப் பதிய எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் கிடையாது. அவர் ஓய்வு பெறும்போது அதுவும் அவரோடு போய்விடும்.

அதே வகுப்பில் அவருக்கே தெரியாத ஒன்றையும் குறித்து வைத்திருந்தேன். பதில்கள் எல்லாம் ஜன்னல் பக்கத்து முன் வரிசைகளிலிருந்தே வந்தன. கேள்வி கேட்ட ஒரு நொடிக்குள் யாராவது கை தூக்கிவிட, பாடம் நகர்ந்துவிடும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களிலேயே இதை ஆராய்ந்தவர். கேள்விக்குப் பிறகு மூன்று நொடி பொறுத்தால் பதில்கள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள் என்று கண்டார். பெஞ்சுகளைக் கட்டம் போட்டு, பதில் வந்த இடங்களில் புள்ளி வைத்த தாளை டீச்சரிடம் கொடுத்தேன். "இத்தனை வருஷத்துல யாரும் இப்படிக் காட்டினதில்ல சார்" என்றார். மறுநாளே சுவர்ப் பக்கத்து வரிசையிலிருந்து கேட்கத் தொடங்கினார்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான். அனுபவசாலி வளர்வதற்கு அதே பாடம் தெரிந்த சக ஆசிரியர் வகுப்பில் உட்கார வேண்டும். அவர் பார்த்தது எந்த மேலதிகாரிக்கும் போகக் கூடாது. சம்பளத்தையும் ரிப்போர்ட்டையும் அதோடு முடிச்சுப் போட்டால், எல்லோரும் ஏற்கெனவே ஒத்திகை பார்த்த பாடத்தைத்தான் நடத்திக் காட்டுவார்கள். சில வருடங்களுக்குப் பிறகு ஆசிரியர் வளர மாட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. ஆனால் மேத்யூ கிராஃப்ட், ஜான் பேபே என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் இருவரும் 2014ல் வெளியிட்ட ஆய்வில், சக ஆசிரியர்களும் தலைமையும் துணை நிற்கும் பள்ளிகளில் ஆசிரியர்கள் பத்து வருடம் வரை மற்றப் பள்ளிகளில் இருப்பவர்களைவிட அதிகமாக முன்னேறுவதைக் காட்டினார்கள்.

இப்போது இருக்கும் பயிற்சிகள் வீண் என்று சொல்ல மாட்டேன். சிறு பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் 2022ல் வந்தபோது, தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்குக் கையில் பொருளோடு நல்ல பயிற்சி கிடைத்தது. ஆனால் சென்னை கல்லூரிச் சாலையில் உள்ள கல்வித்துறை வளாகத்தில் தயாராகும் ஒரு பயிற்சி, பயிற்சி கொடுக்கும் மாவட்டக் கருத்தாளர், வட்டாரக் கருத்தாளர் என்று கைமாறி, பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையத்தில் சனிக்கிழமை எங்களுக்கு வந்து சேரும்போது பிபிடி, அதாவது திரையில் காட்டும் ஸ்லைடுகள், மட்டும் மிஞ்சுகிறது. முதல் வருட ஆசிரியருக்கும் இருபத்தைந்து வருட ஆசிரியருக்கும் அதே பிபிடி. சிபிஎஸ்இ பள்ளிகளில் வருடத்துக்கு 50 மணி நேரப் பயிற்சி என்று கணக்கு உண்டு. அங்கே இருக்கும் நண்பர்கள் மார்ச் மாதம் மணிக்கணக்கை நிரப்புவதற்காக ஆன்லைன் சான்றிதழ் தேடுவதைப் பார்க்கிறேன்.

டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஒன்று முதல் எட்டு வரை எடுப்பவர்களில் ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே வேலைக்கு வந்தவர்களும் இதில் அடக்கம். வீட்டு வேலை முடித்து இரவில் வழிகாட்டி நூலோடு உட்காரும் ஐம்பது வயது ஆசிரியைகளைப் பார்த்தால் மனசு கனக்கிறது. அந்தத் தேர்வில் குழந்தை மேம்பாடு பற்றி வரும் 30 கேள்விகளுக்காகப் படிப்பதில் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கடன் மிட்டாயை வைத்துக் கணக்கைப் புரிய வைத்த அந்த நிமிடத்தை 150 கொள்குறி வினாக்களால் அளக்க முடியாது.

நல்லாசிரியருக்கு வகுப்பறையிலேயே இருந்து மேலே போக வழி இல்லாததும் ஒரு பெருங்குறை. பணிமூப்பு வந்து தலைமையாசிரியர் ஆனால் பட்டியல், இஎம்ஐஎஸ் என்ற கல்வித்துறை இணையதளப் பதிவு, சத்துணவுக் கணக்கு என்று நாள் ஓடிவிடும். பாடம் நடத்திக்கொண்டே இளையவர்களுக்கு வழிகாட்டும் மூத்த ஆசிரியர் என்று ஒரு பதவி, வாரத்தில் சில பீரியட் குறைவான கால அட்டவணையோடு, நம் பள்ளிகளில் வர வேண்டும்.

அரசாணைக்குக் காத்திருக்காமல் தொடங்குவதானால் ஒரே பாடம் எடுக்கும் இரண்டு மூன்று பேர் சேருங்கள். வகுப்பு எடுப்பவரே எதைக் கவனிக்க வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லட்டும். ஒரு தடவைக்கு ஒரே விஷயம் போதும். பார்த்தவர் அபிப்பிராயம் சொல்லாமல், முதலில் குறித்ததை மட்டும் காட்டட்டும். தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியது பார்க்க வருபவருக்கு அந்த ஒரு பீரியடில் சப்ஸ்டிடியூஷன், அதாவது வராத ஆசிரியரின் வகுப்பு, போடாமல் விடுவது மட்டும்தான். காலாண்டுத் தேர்வுக்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள். ஜனவரி பிறந்தால் திருப்புதல் தேர்வு வரிசையாக வந்துவிடும், அப்போது யாருக்கும் ஓய்வு பீரியட் கிடைக்காது.