தேசி மரத்து மசுக்குட்டி

கடிதம்:

வணக்கம். களுவாஞ்சிக்குடியில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். கனடாவில் இருக்கும் அக்கா ஒரு பெட்டி நிறையப் படப் புத்தகங்கள் அனுப்பியிருக்கிறா. பாதிக்கு மேல் வசந்த காலக் கதைகள்: பனி உருகுகிறது, துலிப் பூக்கிறது. நாலு வயதுப் பிள்ளைகளுக்கு இவற்றை எப்படி வாசித்துக் காட்டுவது?

பதில்:

அன்பின் ரீச்சருக்கு,

பனி உருகும் புத்தகங்களை இப்போதைக்கு அலுமாரியில் வையுங்கள். பனியையே காணாத பிள்ளைக்கு அது உருகினால் என்ன, உருகாவிட்டால் என்ன? மழை விட்டு, மாமரம் பூத்து, குயில் கத்தத் தொடங்கினால் நமக்கு அதுதான் வசந்தம்.

பெட்டியில் எரிக் கார்ல் எழுதிய ‘பசித்த மசுக்குட்டி’ என்ற புழுக் கதை இருக்கிறதா என்று பாருங்கள். 1969இல் வந்த புத்தகம், அநேகமாக இருக்கும். திங்கள் ஓர் அப்பிள், செவ்வாய் இரண்டு பெயார்ஸ் என்று தொடங்கி வெள்ளிக்கு ஐந்து தோடம்பழம். தின்ற இடத்தில் தாளில் நிஜமாகவே ஓட்டை. என் மகள் அதற்குள் சுண்டுவிரலை விட்டுக்கொண்டுதான் கதை கேட்பாள். பெயார்ஸ் என்றால் என்னவென்று ஒருநாள் கேட்டாள். கொய்யா மாதிரி என்றேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டு மசுக்குட்டி செவ்வாய்க்கிழமைகளில் கொய்யாதான் தின்கிறது. பிளம்ஸ் நாவற்பழமாகிவிட்டது. நீங்களும் கூசாமல் மாற்றுங்கள்.

வாசிக்க முதல் வளவுக்குள் தேசி மரத்தையோ கறிவேப்பிலையையோ ஒருக்கால் பாருங்கள். இலையில் காக்கை எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் தட்டிவிடாதீர்கள், அதுதான் நிஜ மசுக்குட்டி. வளர்ந்ததும் பச்சையாகும். ஈர்க்கால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னால் இரண்டு கொம்பை நீட்டி ஒரு மணமும் விடும். பிள்ளைகள் கத்துவார்கள், கத்தட்டும். (கார்லின் மசுக்குட்டி பட்டுப்பூச்சி போலக் கூடு கட்டி வண்ணத்துப்பூச்சியாகும். பூச்சி படித்தவர்கள் அதைப் பிழை என்பார்கள். விடுங்கள்.)

இன்னொன்று, சிபில் வெத்தசிங்க சிங்களத்தில் எழுதிய குடைக் கள்ளன். வசந்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் சத்தமாக வாசிக்க அதைப்போல ஒன்று எனக்கு அகப்படவில்லை. கிரி மாமா குடை வாங்கி வருவார், கடையில் கோப்பி குடித்துவிட்டுத் திரும்பினால் குடையைக் காணோம். திரும்பவும் வாங்குவார், திரும்பவும் காணோம். கள்ளனைக் காட்டும் பக்கத்தை நீங்கள் புரட்டாதீர்கள், ஒரு பிள்ளையிடம் விடுங்கள்.

அப்புறம், கறிவேப்பிலை முறிக்க வருகிற ஆட்களிடம் முதலே சொல்லிவையுங்கள். எங்கள் வீட்டு மசுக்குட்டி ஒன்று போன வருடம் சொதிக்குள் போய்விட்டது.