சினாடுக்குப் போறதுக்கு முன்னாடி

கேள்வி: எங்க சபை அக்கா ஒருத்தங்க சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சினாடு கூட்டத்துக்கு, அதாவது திருச்சபையோட உச்ச நிர்வாக மன்றத்துக்கு, முதல் தடவையா மெம்பரா போறாங்க. எப்படி தயார் பண்றது?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: ரொம்ப சந்தோஷம்மா. அஜெண்டா கைக்கு வந்ததும் ஆராதனை முடிஞ்சு சபையார உக்கார வச்சு வாசிச்சு காட்டுங்க, மாந்தோப்பு வேலைக்குப் போற அம்மாங்க என்ன சொல்றாங்கன்னு அக்கா ஒரு நோட்டுல எழுதிக்கட்டும். ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபைன்னு 1947 செப்டம்பர் 27ல ஒண்ணா சேர்ந்த திருச்சபை இது, பல மாநிலத்துக்காரங்க வருவாங்க, பேச்சு பெரும்பாலும் இங்கிலீஷ்ல ஓடும், அதுக்காக வாய மூடிட்டு உக்காரக்கூடாது! நம்ம கிருஷ்ணகிரி பக்கம் தெலுங்கும் கன்னடமும் காதுல விழுந்தே வளர்ந்தவங்க தானே, டீ நேரத்துல பேசிப் பழகட்டும். கணக்கு அறிக்கைய மட்டும் ரெண்டு தடவ படிக்கணும், புரியலைன்னா கை தூக்கி கேக்கணும். திரும்பி வந்ததும் அதே நோட்டோட சபை முன்னாடி நின்னு பதில் சொல்லச் சொல்லுங்க.