என் தோழி டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்தவர், கறுப்பினத்தவரும்கூட. அமெரிக்க சென்சஸில் 'கறுப்பர்' என்று போடுவதா, 'லத்தீனோ' என்று போடுவதா?

இரண்டையும் போடலாம். "ஏதாவது ஒண்ணைத்தான் போடணும்" என்று யாரோ உங்கள் தோழியைக் குழப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

2020 பாரத்தில் இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். எட்டாவது, ஹிஸ்பானிக் வம்சாவளியா, அதாவது ஸ்பானிஷ் பண்பாட்டு நாடுகளின் வழிவந்தவரா என்பது. பாரத்தில் லத்தீனோவும் இதுவும் ஒன்றுதான். மெக்சிகன், புவெர்ட்டோ ரிக்கன், கியூபன் ஆகியோருக்குத்தான் அதில் தனிக் கட்டம். டொமினிக்கன் என்றால் கடைசிக் கட்டத்தை டிக் செய்து, கீழே கையால் எழுத வேண்டும். ஒன்பதாவது, இனம். அங்கே 'கறுப்பர் அல்லது ஆப்பிரிக்க அமெரிக்கர்' என்ற கட்டம். வேண்டுமானால் கூடவே வேறு கட்டங்களையும் குறிக்கலாம். 2000 முதல் அதற்கு இடம் உண்டு.

சிக்கல் ஒன்பதாவதில்தான். பலர் அங்கேயும் 'டொமினிக்கன்' என்று எழுதிவிடுகிறார்கள். இனக் கேள்வியில் அந்தச் சொல் வந்தால் சென்சஸ் துறை அதை 'வேறு இனம்' கணக்கில் சேர்த்துவிடும். 2020-இல் ஹிஸ்பானிக் மக்கள் சுமார் 6.2 கோடி, அதில் 42 சதவீதம் 'வேறு இனம்' மட்டும், 'கறுப்பர்' மட்டும் ஏறத்தாழ 2 சதவீதம். ஊரைத்தான் எட்டாவதிலேயே சொல்லியாயிற்றே, ஒன்பதாவதில் திரும்ப எழுதாமல் விடுவதே மேல்.

"அவங்க நாட்டிலேயே தங்களைக் கறுப்பர்னு சொல்லிக்க மாட்டாங்களே" என்று யாராவது கமெண்டில் வருவார்கள். உண்மைதான், பலர் சொல்வதில்லை. டொமினிக்கன் அடையாள அட்டையில் நிறம் என்ற இடத்தில் கறுப்பு வம்சாவளியினர் பலருக்கும் பல்லாண்டுகள் 'இந்தியோ' (அமெரிக்கப் பழங்குடி என்று பொருள்படும் சொல்) என்றே பதிந்தார்கள். பக்கத்து ஹெய்ட்டிக்காரன்தான் கறுப்பன், நாமில்லை என்ற, அந்நாட்டுச் சர்வாதிகாரி ட்ருஹியோ காலத்து அரசியல் அது. அதற்காக உங்கள் தோழியின் விடை பொய்யாகிவிடாது. சென்சஸில் இனம் என்பது அவரவர் சொல்வதுதான். நானோ நீங்களோ நிறம் பார்த்துத் தீர்மானிப்பதல்ல.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பொறுக்க முடியவில்லை. பெரிய நிறுவனங்கள் ஊழியர் விவரத்தை ஆண்டுதோறும் மத்திய அரசுக்கு அனுப்புகின்றனவே, அந்த அறிக்கையில் ஹிஸ்பானிக் என்று குறித்தவர் எந்த இனமானாலும் ஹிஸ்பானிக் கணக்கில் மட்டுமே வருவார். கறுப்பர் எண்ணிக்கையில் அவர் இல்லவே இல்லை. கல்லூரிப் புள்ளிவிவரமும் இதே கதை. பாரத்தில் எவ்வளவு சரியாக டிக் செய்தாலும் மேலே போகும் தாளில் பாதி அடையாளம் காணாமல் போகிறது. அப்புறம் "ஆஃப்ரோ லத்தீனோக்கள் (கறுப்பின லத்தீனோக்கள்) இவ்வளவுதானா?" என்று கேட்கிறார்கள்.

2024 மார்ச்சில் வந்த மத்திய அரசு விதி இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கச் சொல்கிறது. விரிவான பாரத்தில் டொமினிக்கனுக்குத் தனிக் கட்டம் உண்டு. பல கட்டங்களைக் குறிக்கலாம் என்றாலும், லத்தீனோவை மட்டும் டிக் செய்துவிட்டு நகர்கிறவர்கள் பெருகுவார்கள் என்று ஆஃப்ரோ லத்தீனோ ஆய்வாளர்கள் எதிர்த்தார்கள். என் கட்சியும் அதுதான். அப்படிப் பாரம் கைக்கு வந்தால் தோழியிடம் சொல்லுங்கள்: 'டொமினிக்கன்' கட்டத்தோடு நிறுத்தாமல் 'கறுப்பர்' கட்டத்தையும் குறிக்கட்டும்.