நெட்டைக் கழட்டுற பெரியப்பாவுக்கு

கேள்வி: மேலூர் பக்கம் எங்க ஊரு. கண்மாய்க்கரை கிரவுண்டுல ரெண்டு ஃபுட்பால் கிளப். ஒண்ணு நான் நடத்துறேன், இன்னொண்ணு என் தம்பி, அப்பா காலமானப்புறம் பிரிஞ்சு போய் ஆரம்பிச்சது. பேச்சுவார்த்தை கிடையாது. இப்ப ஒரு ஜவுளிக்கடைக்காரர், ரெண்டும் ஒண்ணாச் சேந்தா ஜெர்சி, பூட், வண்டிச் செலவு எல்லாம் தர்றேங்குறார். கோல் நெட்டு எங்க கிளப் காசு, பிராக்டிஸ் முடிஞ்சதும் கழட்டிட்டு வந்துருவோம், அவங்க வெறும் போஸ்ட்லதான் ஆடுறாங்க (தம்பி மகன்தான் அங்க கீப்பர்). இணைக்கலாமா?

பதில்: இணைக்கிறதை அப்புறம் பாப்போம், மொதல்ல அந்த நெட்டு. போறபோக்குல ஒரு வரி எழுதிட்டுத் தாண்டிட்டீங்க, எனக்கு அதைத் தாண்ட முடியல. நெட்டு இல்லாத போஸ்ட்ல கீப்பர் பொழப்பு என்னன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? கோல் விழுந்தாலும் அவன்தான் ஓடணும், வெளிய போனாலும் அவன்தான் ஓடணும், கண்மாய்க்கரைன்னா பின்னாடி சீமைக்கருவேலந்தான் நிக்கும், முள்ளுக்குள்ள கையை விட்டு பந்தை இழுத்து, காத்து இறங்கிருச்சான்னு அமுக்கிப் பாத்துட்டே திரும்பி வர்றானே, அந்தப் பையனுக்கு நீங்க யாரு? பெரியப்பா! தம்பி மேல கோவம்னா தம்பிகிட்ட காட்டுங்க, அவன் புள்ளை என்னய்யா பண்ணுச்சு?

எங்க காசுன்னு ஆரம்பிக்காதீங்க. அப்பா இல்லாத வீட்ல அண்ணன்தான் அப்பா. பழைய பஞ்சாங்கம்னு சொன்னாலும் சரி, நான் மாத்திக்கிறதா இல்ல. தப்பு தம்பி மேலயே இருக்கட்டும், மொதல்ல இறங்கிப் போக வேண்டியது மூத்தவர்தான்.

இப்ப இணைப்பு. வேணாம். அண்ணன் தம்பி ராசியாகணும், கிளப் எதுக்கு ஒண்ணாகணும்? ரெண்டு கிளப்னா ஞாயித்துக்கிழமை 22 பையங்க இறங்குவாங்க. ஒண்ணாக்குனா 11 பேரு ஆட, மிச்சம் பூரா வெளிய உக்காந்து வேடிக்கை பாக்கும், ரெண்டு மாசத்துல அம்மாமாரு இழுத்துட்டுப் போய் டியூஷன்ல சேத்துருவாங்க. மோதுறதுக்கு ஆள் தேடி நீங்க மதுரைக்கு பஸ் ஏறணும். கொல்கத்தால 1889ல ஆரம்பிச்ச மோகன் பகான் கிளப்பை 2020ல ஏடிகேங்கிற இன்னொரு கிளப்போட சேத்தாங்க, நம்ம கிளப் பேருக்கு முன்னாடி அது என்ன ஏடிகேன்னு ரசிகருங்க விடாம மல்லுக்கட்டி, 2023ல அந்தப் பேரையே எடுக்க வச்சாங்க. சேந்து நிலைச்சதும் இருக்கு, இல்லன்னு சொல்லல. இத்தாலில சாம்ப்டோரியா, 1946ல ரெண்டு கிளப் சேந்தது, பேர்ல ரெண்டுக்கும் பங்கு, ஜெர்சிலயும் ரெண்டு பேர் கலரும். உங்க லெட்டர்ல பேர் என்ன, கலர் என்ன, யாரு செயலாளர்னு ஒரு வார்த்தை உண்டா? பூட்டும் வண்டிச் செலவுந்தான் இருக்கு.

கிளப் ரெண்டும் அப்படியே இருக்கட்டும். வெளியூர் டோர்னமெண்டுக்கு மட்டும் ரெண்டுலயும் நல்லா ஆடுறவனைப் பொறுக்கி ஊர் டீம்னு போடுங்க, ஜெர்சில கடைக்காரர் தன் கடை பேரை அடிச்சுக்கட்டும். அண்ணன் டீமும் தம்பி டீமும் மோதுதுன்னா கிரவுண்டுல நிக்க இடம் இருக்காது, அந்தக் கூட்டம் வேற எந்த விளம்பரத்துல அவருக்குக் கிடைக்கும்?

இன்னைக்குச் சாயங்காலம் நெட்டைக் கழட்டாம விட்டுட்டு நேரா தம்பி வீட்டுக்குப் போங்க, வீட்டுக்காரம்மாவைத் தூது அனுப்புற வேலையெல்லாம் வேணாம். கடைக்காரரைப் பாக்கப் போறப்ப தம்பியையும் வண்டில ஏத்திக்கங்க, ரெண்டு பேரும் சேந்தே பேசுங்க. ஒரே கிளப்னாதான் தருவேன்னு அவர் அப்பவும் நின்னார்னா கும்பிட்டுட்டு வந்துருங்க, மேலூர்ல அவர் ஒருத்தர்தானா ஜவுளிக்கடை வச்சிருக்கார்?